ஒன்பது புள்ளியில் ஒரு வளைவு

புதுச்சேரி நேர்கோடுகளின் ஊர். கடற்கரையை ஒட்டிய பழைய பகுதியில் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகின்றன. வரைபடத்தைப் பார்த்தால் யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தது அப்பட்டமாகத் தெரியும். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் போனால், தமிழ்நாட்டு எல்லைக்குள், ஆரோவில்லின் நடுவில் நேர்கோடே கண்ணில் படாத ஒரு கட்டடம் நிற்கிறது. மாத்ரிமந்திர். 36 மீட்டர் விட்டமும் 29 மீட்டர் உயரமும் கொண்ட, மேலும் கீழும் லேசாக அமுங்கிய கோளம். 1971 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டி, 2008இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ரோஜர் ஆங்கர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்.

வெளியே மின்னும் தங்க வட்டத் தகடுகளைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே பாருங்கள். அங்கே இருப்பது வளைவு இல்லை. நேரான கான்கிரீட் உத்திரங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த ஒரு கூடு. ஒவ்வொரு உத்திரமும் நேர். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முடிச்சில் மட்டும் திசை கொஞ்சம் திரும்புகிறது. அந்தக் கொஞ்சங்களைக் கூட்டிக் கோளம் என்று சொல்வது நம் கண்தான்.

மாத்ரிமந்திரின் கூடு கான்கிரீட். அதே வேலையை இரும்பில் செய்யும்போது அதற்கு டிரஸ் என்று பெயர். மெட்ரோ நிலையக் கூரை, கல்யாண மண்டபம், உள்விளையாட்டரங்கு, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கொட்டகை என்று வளைந்த கூரை எங்கே தெரிந்தாலும் ஒருமுறை நின்று, அண்ணாந்து, குழாய்களைக் கவனியுங்கள். பல இடங்களில் ஒரு குழாய்கூட வளைந்திருக்காது. சில இடங்களில் உண்மையாகவே வளைத்திருப்பார்கள். இரண்டில் எதைச் செய்வது, வளைவை எத்தனை துண்டாக வெட்டுவது, வெட்டும் புள்ளிகளை எங்கே வைப்பது என்பதெல்லாம் இன்று கணினித் திரையில் முடிவாகிறது. அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு, கூரையைவிட அழகானது என்பது என் கட்சி.

கணக்குக்கு ஒரு கொட்டகை வேண்டும். 24 மீட்டர் அகலம், நடுவில் தூண் கிடையாது, கூரை வில்லாக எழுந்து நடுவில் 3 மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே இரு முனைகளையும் இணைத்து ஒரு கிடைக்குழாய், மேலே வில், இடையே நிமிர்ந்தும் சாய்ந்தும் நிற்கும் கம்பிகள். மேலே போவதைப் பொறியாளர்கள் மேல் நாண் என்பார்கள், கீழே போவது கீழ் நாண். பட்டறையில் டாப் கார்டு, பாட்டம் கார்டு.

முதல் கேள்வி, ஏன் வளைக்க வேண்டும்? அழகுக்காக என்பது பாதிப் பதில். இரண்டு முனையில் தாங்கிய ஒரு பாலத்தின் மேல் சமமாகப் பாரம் பரப்பினால், அதை வளைக்கப் பார்க்கும் விசை முனைகளில் பூஜ்யமாகவும் நடுவில் உச்சமாகவும் இருக்கும். இடையில் அது ஏறி இறங்கும் விதம் ஒரு பரவளையம். பள்ளியில் எறிந்த பந்தின் பாதை என்று படித்தோமே, அதே வடிவம். டிரஸ்ஸின் நாண்களில் ஓடும் விசை எவ்வளவு என்று அறிய, அந்த இடத்து வளைக்கும் விசையை அந்த இடத்து ஆழத்தால் வகுக்க வேண்டும். வளைக்கும் விசை எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே டிரஸ்ஸின் ஆழமும் ஏறி இறங்கினால்? வகுத்த விடை எல்லா இடத்திலும் ஒன்றாகிவிடும். கீழ் நாணில் முனை முதல் முனை வரை ஒரே இழுவிசை.

இதன் விளைவு முதன்முறை கேட்பவர்களை நம்பவைக்காது. மேல் நாணின் முடிச்சுகள் சரியாகப் பரவளையத்தில் அமைந்து, பாரமும் சமமாக இருந்தால், சாய்ந்த கம்பிகளில் விசையே கிடையாது. ஒன்றுமே கிடையாது. முழுப் பாரத்தையும் வில்லும் அதன் நாணும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்தக் கம்பிகள் எதற்கு? காற்றுக்கு, கூரையில் ஒரு பக்கம் மட்டும் ஆள் ஏறுவதற்கு, ஒரு பக்கம் மட்டும் சாமான் தொங்கவிடுவதற்கு. சமமில்லாத பாரம் வரும்வரை அவை சும்மா நிற்கின்றன.

நம் கொட்டகையில் டிரஸ்கள் 6 மீட்டருக்கு ஒன்று, சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் என்று கொண்டால், ஒரு டிரஸ் சுமப்பது 14.4 டன். கீழ் நாணில் இழுவிசை எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் அதுவும் 14.4 டன்! தற்செயல் இல்லை. வில்லின் உயரம் அகலத்தில் எட்டில் ஒரு பங்காக இருந்தால் இரண்டும் சமமாகவே வரும். உயரத்தைப் பாதியாக்கினால் நாணில் இழுவிசை இரட்டிப்பாகும். தாழ்ந்த வளைவு விலை கூடியது என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, பரவளையம் வேண்டும். அதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? இங்கே புதுச்சேரியின் பழைய எசமானர்களின் நாட்டுக்குப் போக வேண்டும், ஆனால் கட்டடக் கலைக்காக இல்லை, கார்களுக்காக. 1950களின் கடைசியில் சித்ரோயன் கம்பெனி பால் தெ காஸ்தல்ஜோ என்ற இளம் கணித அறிஞரை வேலைக்கு வைத்தது. காரின் உடல் வளைவுகளை, கைத்தேர்ச்சியை மட்டும் நம்பாமல், எண்களாக இயந்திரத்துக்குக் கொடுக்க வழி தேட வேண்டும். அவர் 1959இல் கண்ட வழியைக் கம்பெனி வெளியே விடவில்லை. கொஞ்ச காலத்தில் போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியேர் பெஸியே என்ற பொறியாளர் வேறு பாதையில் அதே வளைவுக்கு வந்து சேர்ந்தார், எழுதியும் வெளியிட்டார். அதனால் உலகம் அதை பெஸியே வளைவு என்கிறது. முறையோ தெ காஸ்தல்ஜோவின் பெயரில் இருக்கிறது. தொழில் ரகசியம் காத்ததற்கு வரலாறு வைத்த வட்டி.

முறை எவ்வளவு எளிது என்றால், காகிதத்தில் இப்போதே போட்டுப் பார்க்கலாம். மூன்று புள்ளி வையுங்கள்: இடது முனை, வலது முனை, இரண்டுக்கும் நடுவே மேலே ஒன்று. இடது முனையிலிருந்து மேல் புள்ளிக்கு ஒரு கோடு, அங்கிருந்து வலது முனைக்கு ஒரு கோடு. இரண்டு கோட்டிலும் பாதித் தூரத்தில் குறி வைத்து, குறிகளை இணைத்து, அந்த இணைப்பின் பாதியில் மறுபடி ஒரு குறி. அந்தக் கடைசிக் குறி வளைவின் மேல் இருக்கிறது. பாதிக்குப் பதில் கால்வாசியில் வைத்து இதையே செய்தால் வளைவின் இன்னொரு புள்ளி. முக்கால்வாசியில் இன்னொன்று. புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போனால் வளைவு முழுதும் வெளிவந்துவிடும். காம்பஸ் தேவையில்லை, வர்க்கமூலம் தேவையில்லை. நேர்கோடும் பங்குபோடுதலும் போதும்.

இப்படி மூன்று புள்ளியில் வரும் வளைவு எது தெரியுமா? துல்லியமான பரவளையம். இரு முனைகளையும் 24 மீட்டர் இடைவெளியில் வைத்து, நடுப்புள்ளியை 6 மீட்டர் உயரத்தில் வைத்தால், வளைவு சரியாக 3 மீட்டர் எழும். கார் செய்தவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த கருவி, நம் கொட்டகையின் சாய்ந்த கம்பிகளுக்கு ஓய்வு கொடுக்கும் அதே கோட்டைப் போட்டுத் தருகிறது.

கவனியுங்கள், நடுப்புள்ளியை வளைவு தொடவே இல்லை. அது எங்கோ மேலே நின்று வளைவைத் தன் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். மார்கழி வாசலில் சிக்குக் கோலம் போட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புள்ளியைத் தொடாமல், ஆனால் புள்ளி சொன்னபடி ஓடுகிற கோடு. இதில் கணினிக்கு வேலை இருக்கிறது என்று சென்னையில் முன்பே கண்டுகொண்டார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி, கணினிப் படவியலுக்குரிய ஆய்வாக வெளியிட்டார்கள். அது பெஸியேயின் வழி இல்லை, வேறு வழி. ஆனால் கேள்வி ஒன்றுதான்: நெளிகிற ஒரு கோட்டை, நெளியத் தெரியாத இயந்திரத்துக்கு எத்தனை குறைந்த சொல்லில் சொல்லிவிடலாம்?

வட்டத்தைச் சொல்ல முயன்றால்தான் வேடிக்கை. காம்பஸ் இருந்தால் குழந்தையும் போடும் வட்டத்தை, பெஸியே வளைவால் துல்லியமாகப் போட முடியாது. மிக மிக நெருங்கலாம், ஆனால் எத்தனை புள்ளி கூட்டினாலும் சேராது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை கொடுத்து வகுத்தல் ஒன்றையும் சேர்த்த பிறகே வட்டம் வசப்பட்டது. ரைனோ போன்ற மென்பொருள்கள் இந்த எடை வைத்த வளைவுகளின் மேல் எழுந்தவை.

கார், விமானத் தொழிலின் இந்தக் கருவிகள் கட்டடங்களுக்கு வந்துசேர நாளாயிற்று. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி பார்சிலோனா கடற்கரையில் ஃபிராங்க் கெரி ஒரு மாபெரும் மீன் வடிவத்தை இரும்பில் எழுப்பியபோது, அவர் அலுவலகம் மிராஜ் விமானம் செய்த தஸ்ஸோவின் காட்டியா மென்பொருளைக் கையில் எடுத்தது. மீனின் ஒவ்வொரு வளைவும் கணினி மாதிரியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போயிற்று. வளைந்த இரும்புக்கு அதன் பிறகே துணிச்சல் வந்தது என்று சொல்லலாம்.

கொட்டகைக்குத் திரும்புவோம். பரவளையமா, வட்ட வில்லா? அதே 24 மீட்டருக்கு அதே 3 மீட்டர் உயரத்தில் வட்ட வில் போட்டால் ஆரம் 25.5 மீட்டர். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், அவை அதிகபட்சம் விலகுவது 4.7 சென்டிமீட்டர்தான். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. சாய்ந்த கம்பிகளுக்குத் தெரியும், கொஞ்சம் விசை வந்து உட்காரும். ஆனாலும் பட்டறைக்காரர் வட்டத்தையே கேட்பார். வட்டத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே வளைவு. அதனால் எல்லாத் துண்டும் ஒரே நீளம், எல்லா முடிச்சிலும் ஒரே கோணம், குழாயை உருட்டி வளைக்கும் மெஷினுக்கு ஒரே செட்டிங். இயற்பியல் ஒன்று சொல்ல, கூலிக்கணக்கு இன்னொன்று சொல்ல, 4.7 சென்டிமீட்டர் என்றால் கூலிக்கணக்கு ஜெயிக்கிறது. சரியான தீர்ப்பும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி வெட்டுவது. வட்ட வில்லின் நீளம் 24.99 மீட்டர். நேராகப் போவதைவிட ஒரு மீட்டர்தான் கூடுதல். அதை எட்டுச் சம துண்டாக்கினால், ஒவ்வொரு வில்துண்டும் 3.123 மீட்டர். அதன் இரு முனையை நேராக இணைத்தால் 3.121 மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! ஆனால் நேர்த்துண்டின் நடுவிலிருந்து வில்லின் நடு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தால் 48 மில்லிமீட்டர். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் இழக்காமல் வடிவத்தில் இவ்வளவு இழக்கிறோம். எட்டைப் பதினாறாக்கினால்? பாதியாகக் குறையும் என்றுதான் மனம் சொல்லும். இல்லை, நான்கில் ஒன்றாகிறது: 12 மில்லிமீட்டர். துண்டை இரண்டாக்கினால் பிழை நான்கில் ஒன்று, மூன்றாக்கினால் ஒன்பதில் ஒன்று. ஆதலால் சில துண்டுகளிலேயே கண் ஏமாந்துவிடுகிறது.

திரையில் இது ஒரு நழுவு பொத்தான். ரைனோவின் கிராஸ்ஹாப்பர் கருவியில் துண்டு எண்ணிக்கையை 8லிருந்து 16க்குத் தள்ளினால் டிரஸ் கண்முன்னே மறுபடி பிறக்கிறது. தள்ளத் தள்ள வழவழப்பு கூடும், கையை எடுக்க மனம் வராது. ஆனால் ஒவ்வொரு தள்ளலும் இன்னும் ஒரு முடிச்சு, இன்னும் வெல்டிங், இன்னும் பெயின்ட். திரையில் இலவசமாகக் கிடைப்பதன் விலைச்சீட்டு பட்டறையில் வந்து சேரும்.

புள்ளிகளை எப்படிப் பங்கிடுவது என்பதிலும் ஒரு தேர்வு. வில்லின் மேல் சமமாகப் பங்கிட்டால் எல்லாத் துண்டும் ஒன்று. ஆனால் கீழே நிமிர்கம்பிகளின் இடைவெளி சமமாக இராது. நடுவில் 3.12 மீட்டர், ஓரத்தில் 2.84. மாறாக, தரையில் 3 மீட்டருக்கு ஒன்றாகப் பங்கிட்டு மேலே ஏற்றினால் நிமிர்கம்பிகள் ஒழுங்காக நிற்கும், மேல் துண்டுகள் உச்சியில் 3.005 மீட்டரிலிருந்து ஓரத்தில் 3.293 வரை நான்கு விதமாகப் போகும். மென்பொருளைக் கேட்டால் இரண்டையும் ஒரே நொடியில் செய்துகாட்டும், எது வேண்டும் என்று மட்டும் சொல்லாது. கீழே மின்விளக்கும் மின்விசிறியும் வரிசையாகத் தொங்க வேண்டுமா, மேலே ஒரே நீளத்தில் குழாய் வெட்ட வேண்டுமா என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ரெவிட் என்ற கட்டட மென்பொருளில் வளைந்த கூரையை முதலில் வரைந்து, டிரஸ்ஸின் மேல் நாணை அதோடு ஒட்டிக்கொள்ளச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு அது மந்திரம் போல் தோன்றும். ஆனால் எத்தனை முடிச்சு, எங்கே என்பதை அதற்கு முன்பே நாம் சொல்லியிருப்போம்.

இப்போது முதலில் விட்ட கேள்வி. துண்டுகளை நேராக வைப்பதா, அவற்றையும் வில்லோடு வளைத்துவிடுவதா? மூன்று உருளைகளுக்கு இடையே குழாயை முன்னும் பின்னும் ஓட்டி வளைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. 25.5 மீட்டர் ஆரம் அவற்றுக்கு விளையாட்டு. பார்க்கவும் வழவழப்பாக இருக்கும். ஆனால் மேல் நாண் 14.4 டன்னுக்குமேல் அழுத்து விசையைச் சுமக்கிறது. விசை முடிச்சிலிருந்து முடிச்சுக்கு நேராகவே போகப் பார்க்கும், குழாயோ நடுவில் 48 மில்லிமீட்டர் விலகி நிற்கும். விசையையும் விலகலையும் பெருக்கினால் குழாயை மேலும் வளைக்கும் ஒரு முறுக்கு கிடைக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 690 கிலோவைத் தொங்கவிட்டால் அதன் அடியில் வரும் முறுக்கு அது. தொடர்ந்து ஓடும் குழாயில் இது பிரிந்து குறையும் என்றாலும், சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் நேர்க்குழாயே நல்லது என்று முடித்துவிடலாமா? ஒரு நிமிடம். கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின்கள் எங்கே உட்காருகின்றன? முடிச்சுகளின் மேல் மட்டும் உட்கார்ந்தால் மேலே சொன்ன கணக்கு சரி, நேர்க்குழாய் ஜெயிக்கும். ஆனால் தகடு தாங்க மூன்று மீட்டர் இடைவெளி பொதுவாக அதிகம். முடிச்சுகளுக்கு இடையிலும் பர்லின் வரும். அப்போது நேர்க்குழாய் நடுவில் பாரம் வாங்கிக் கீழ்நோக்கி வளையும், அந்த முறுக்கும் ஏறத்தாழ அதே 690 கிலோ அளவில்தான் இருக்கும். வளைந்த குழாயிலோ, பாரம் கீழே வளைக்க, அழுத்து விசை மேலே வளைக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முழு வில்லில் நடந்ததே மூன்று மீட்டர் துண்டுக்குள் சின்ன அளவில் மறுபடி நடக்கிறது. ஆக, குழாயை வளைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் குழாயில் இல்லை, அதன் மேல் உட்காரும் பர்லினில் இருக்கிறது. மென்பொருளில் பலர் பர்லினைக் கடைசியில்தான் வரைகிறார்கள்.

நேர்த்துண்டு என்று முடிவானால், முடிச்சில் இரண்டு குழாய்கள் ஏறக்குறைய 7 டிகிரி திரும்பிச் சந்திக்க வேண்டும். ஒவ்வொன்றின் நுனியையும் 3.5 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். 168 மில்லிமீட்டர் குழாயில் இந்தச் சாய்வெட்டு எடுத்துவிடுவது, ஒரு பக்கம் பூஜ்யத்தில் தொடங்கி எதிர்ப்பக்கம் 10 மில்லிமீட்டர் வரை. குழாயைச் சுற்றி ஒரு காகிதத்தை ஒட்டி, வெட்டு விளிம்பை அதில் வரைந்து, காகிதத்தை விரித்துப் பாருங்கள். கிடைப்பது சைன் அலை. தோராயமாக இல்லை, அச்சு அசலாக. சாய்ந்த தளம் உருளையை வெட்டினால் நீள்வட்டம், விரித்தால் சைன் அலை. மின்சாரத்துக்கும் ஒலிக்கும் சொந்தம் என்று நினைத்திருந்த கோடு, வெல்டரின் காகித அச்சில் வந்து கிடக்கிறது. சாய்ந்த கம்பி வந்து நாண் குழாயின் வயிற்றில் முட்டும் இடத்தில் வெட்டு இன்னும் சிக்கல், குதிரைச் சேண வடிவில் போகும். பெரிய பட்டறைகளில் மாதிரியிலிருந்து எண்கள் நேராகப் பிளாஸ்மா மெஷினுக்குப் போய், குழாய் சுழலச் சுழல வெட்டிவிடுகிறது. சின்னப் பட்டறையில் அதே மாதிரியிலிருந்து அச்சடித்த காகிதத்தைச் சுற்றி, சாக்பீஸால் குறித்து, கட்டரால் வெட்டுகிறார்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றே.

இதுவரை கூரை கீழே அழுத்துவதாகவே பேசினோம். புதுச்சேரியில் கூரை போடுபவர் மேலே போவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி புதுச்சேரிக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோவை ஒட்டி வரும். வளைந்த கூரையின் மேல் ஓடும் காற்று வேகம் பிடித்து, கூரையை உறிஞ்சுகிறது. தகடும் பர்லினும் டிரஸ்ஸும் சேர்ந்தாலும் சதுர மீட்டருக்குச் சில பத்துக் கிலோ தேறும், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் மேல்நோக்கிய இழுப்பு.

அந்த நிமிடத்தில் டிரஸ் தலைகீழாகிறது. அழுத்தம் சுமந்த வில் இழுபடுகிறது. அதைவிட மோசம், வாழ்நாள் முழுதும் இழுவிசை மட்டுமே கண்ட கீழ் நாண் அழுத்தத்துக்குள் போகிறது. இழுக்கும்போது எவ்வளவு மெல்லிய கம்பியும் தாங்கும். அழுத்தும்போது மெல்லிய கம்பி பக்கவாட்டில் நெளிந்து ஓடிவிடும். காற்று ஒரு பக்கத்திலிருந்து வருவதால் பாரமும் சமமில்லை, ஆக சும்மா நின்ற சாய்ந்த கம்பிகளுக்கும் அன்றுதான் வேலை. கொட்டகைகளில் கீழ் நாண்களைப் பக்கவாட்டில் பிணைத்து ஒல்லிக் கம்பிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகைக் கெடுக்கின்றன என்று சில வடிவமைப்பாளர்கள் திரையில் அவற்றை அழித்துவிடப் பார்ப்பார்கள். விடக்கூடாது.

வெயிலும் தன் பங்குக்கு வரும். மென்பொருள் நீளத்தை மில்லிமீட்டருக்குக் கீழே மூன்று தசமம் வரை காட்டும். இரும்பு 30 டிகிரி சூடேறினால் 24 மீட்டர் டிரஸ் 8.6 மில்லிமீட்டர் நீளும். காலையில் அளந்த டிரஸ் மத்தியானம் வேறு டிரஸ். எனவே ஒரு முனையைத் தூணில் இறுக்கி, மறு முனையில் போல்ட்டுக்கு நீள ஓட்டை விடுகிறார்கள்.

கணினி இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், கையால், பொறுமையாக, நிறைய ஆளை வைத்து என்பதுதான் விடை. 1887 முதல் 1889 வரை எழுந்த ஈபில் கோபுரம் தூரத்தில் வளைந்து ஏறுகிறது, கிட்டே போனால் நேர்த்துண்டுகள். 18,038 துண்டு, அவற்றுக்காக ஐம்பது பேர் போட்ட 5,300 வரைபடம், 25 லட்சம் ரிவெட். நம் காலத்தில் ஜம்மு காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் இருக்கிறது, 2025 ஜூன் 6இல் திறந்தது. ஆற்றுப் படுகைக்கு 359 மீட்டர் மேலே, 467 மீட்டர் அகலத்துக்கு ஒரே இரும்பு வில். அதன் உறுப்புகளை விவரமாக வரையப் பின்லாந்தில் பிறந்த டெக்லா மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ டிப்ளமோ, பொறியியல் பட்டதாரிகள் அதே டெக்லாவில் உலகின் வேறெங்கோ எழப்போகும் கட்டடங்களுக்கு முடிச்சு முடிச்சாக வரைந்துகொண்டிருக்கிறார்கள். டீடெய்லிங் வேலை என்று வீட்டில் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. ஈபிலின் ஐம்பது பேர் செய்த வேலை அது.

மாதிரி முடிந்து பட்டறைக்கு வந்த பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். இரும்பு மேடையிலோ சமமான தரையிலோ டிரஸ்ஸை முழு அளவில் வரைகிறார்கள். ஃபிட்டருக்கு வளைவு எதுவும் தேவைப்படுவதில்லை. 24 மீட்டருக்கு நூல் பிடித்து ஒரு நேர்கோடு அடிக்கிறார். அதன் நடுவிலிருந்து இரு பக்கமும் 3.116, 6.185, 9.161, 12 மீட்டரில் குறி. நடுவில் 3 மீட்டர் உயரம், அடுத்த குறிகளில் 2.809, 2.239, 1.298, கடைசியில் பூஜ்யம். மொத்தம் ஒன்பது புள்ளி. புள்ளிகளில் இரும்புத் துண்டுகளை வெல்டு வைத்து ஜிக் தயார் செய்து, குழாய்களை அதற்குள் படுக்கவைத்து, முதலில் பொட்டுப் பொட்டாகத்தான் பற்றவைப்பார். நேராக முழு வெல்டிங்கில் இறங்கினால், ஆறும்போது வெல்டு சுருங்கி டிரஸ்ஸை ஒரு பக்கம் இழுத்துவிடும். எந்த முடிச்சை முதலில் பற்றவைப்பது, எந்தப் பக்கம் மாற்றிப் போவது என்ற வரிசை கணினி மாதிரியில் எழுதப்பட்டிருப்பது அரிது.

ஒன்பது உயரங்களையும் வரைபடத்தில் உள்ளபடியே வைப்பதும் கிடையாது. தூணில் ஏற்றியதும் டிரஸ் தன் எடையிலும் தகட்டின் எடையிலும் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வை முன்கூட்டிக் கணக்கிட்டு, ஓரப் புள்ளிகளை விட்டுவிட்டு நடு ஏழையும் அந்தந்த அளவு கூட்டி வைக்கச் சொல்வார் பொறியாளர். சிலர் கீழ் நாணுக்கும் அதே அளவு மேல்வளைவு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நேராகச் செய்த கீழ்க்குழாய் கீழிருந்து பார்ப்பவருக்குத் தொங்குவது போலத் தெரியும்.